பேர் சொன்னால் போதாது

அன்புள்ள வசந்தாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இந்த முறை அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. உன் கார்டு நேற்றுப் பகல் தபாலில் வந்தது. படித்ததும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். உன் அம்மா, "இன்னா எழுதிக்கீது பொண்ணு, மூஞ்சி ஏன் இப்டி ஆயிட்ச்சி?" என்றாள். கார்டை அவளிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, "நீங்க பேசனதத் தான அது திருப்பிப் பேசுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உன் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்றிலிருந்து அதோடுதான் இருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ எழுதியிருந்தாய். நீ விளையாட்டு டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்துக் கோ-கோ டீமில் தனலட்சுமி என்று ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறாள், தாலுகா மேட்ச்சில் கம்பத்தில் போய் மோதி விழுந்தாள், தண்ணீர் தெளித்தாய், சோடா கொடுத்தாய், பேரைக் கேட்டாய், சொன்னாள், ஆட அனுப்பினாய், ஜெயித்தீர்கள். 'என்னையே பார்த்த மாதிரி இருந்தது நைனா' என்று பெருமையாக முடித்திருந்தாய். நான் அன்றைக்கே பதில் போட்டேன், அவள் தலை தெளிகிறவரை மைதானத்துப் பக்கம் விடாதே என்று. அதற்கு நீ அனுப்பிய கார்டுதான் நேற்று வந்தது. தலைவலி என்கிறாளாம், பரீட்சை வந்தால் எல்லாப் பெண்களுக்கும் வருகிற தலைவலிதானாம். வருகிற சனிக்கிழமை மாவட்ட மேட்ச்சாம், அவள் இல்லாவிட்டால் டீமே இல்லையாம். 'எனக்கு நீங்கள் செய்ததைத்தான் அவளுக்கு நான் செய்தேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?' என்று கேட்டிருக்கிறாய்.

கேட்டுவிட்டாய் அல்லவா, சொல்கிறேன். எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாததை எல்லாம் இந்த ஆறு தாளில் எழுதி அனுப்புகிறேன். காலையில் வாலாஜாபாத் போய்த் தந்தியும் அடித்துவிட்டேன். அந்தப் பெண்ணை ஆட விடாதே என்பதற்கு மேல் அதில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. 'சீரியஸா சார்?' என்று தந்தி வாங்கிய பையன் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகம் வாடிப் போய்விட்டது பாவம்.

நான் கம்பவுண்டர். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதை நானே மறந்து போனதுதான் இந்தக் கதை. டாக்டர் எழுதுகிற சீட்டைப் பார்த்து மிக்சர் கலக்குவதும், மாத்திரையைப் பொட்டலம் கட்டுவதும், புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுவதும் என் வேலை. வாரத்தில் பாதி நாள் டாக்டர் வராத ஆஸ்பத்திரி. வந்தவர்கள் எல்லாம் என்னையே டாக்டர் என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில், "நான் கம்பவுண்டர்ங்க" என்று திருத்துவேன். அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டேன். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அரைக்கால் டிரவுசர் போட்ட பிள்ளை முதல் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு வரை கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு தலைக்கேறிய மனுஷன்தான் அன்றைக்கு உன் மேட்ச் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

உத்திரமேரூர் போகிற ரோட்டோரம், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த மைதானம். நீ பத்தாவது. இரண்டு பக்கமும் சமமாக இருந்து, கடைசிச் சுற்றில் நீங்கள் துரத்துகிறீர்கள். நீ எழுந்து ஓடினாய். எதிராளிப் பெண் கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் திரும்பினாள், நீ அவளைத் தொடப் பாய்ந்தாய், உன் தலை காதுக்கு மேலே கம்பத்தில் அடித்த சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. விழுந்தாய். கண் திறந்தேதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தர், "வலிப்புப்பா, கைல இரும்பு குடு" என்று சைக்கிள் சாவியை உன் கையில் திணித்தார். உங்கள் டிரில் டீச்சர் ஓடிவந்து உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் கூட்டம், "கம்பவுண்டரு கீறாரு, வழி வுடுங்க" என்று எனக்கு வழி விட்டது. அந்த வழியில் நான் நடந்து வந்த நடை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாடி பார்த்தேன். கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன், எதைப் பார்க்கிறேன் என்று தெரியாமலே. ஒரு நிமிஷம் போல ஆகி நீ அசைந்தாய். "உன் பேரு இன்னா?" என்றேன். "வசந்தா" என்றாய். "நான் யாரு?" "நைனா." "எந்த ஊரு நம்பளுது?" அதையும் சொன்னாய். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல, ஆடலாம்" என்றேன். உன் டீச்சர் மட்டும், "சார், இந்தப் பொண்ணு பார்வையே சரியில்ல. குந்த வெச்சிடலாம், மேட்ச் போனா போவட்டும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், நீங்க விசில் ஊதுங்க. வைத்தியம் நான் பாத்துக்கறேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் முகம் சிவந்து எழுந்துகொண்டார். பார்வை சரியில்லை என்று அந்தக் கூட்டத்தில் கண்டுபிடித்த ஒரே ஆளின் வாயை நான் இப்படி அடைத்தேன்.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறாமல் கிடக்கிறது. நீ எழுந்து பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "நைனா, மேட்ச்சு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டாய். மேட்ச் முடிய நாலு நிமிஷம்தான் பாக்கி. முக்கால் மணி நேரமாக ஆடிக்கொண்டிருந்த பெண் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்கிறாள். நான் கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, ஆடறதுக்கு இன்னா அவசரப்படுது" என்றேன். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். கட்டத்தில் போய் உட்கார்ந்தபோது, ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி இந்தப் பக்கம் என்று முகம் திருப்பி உட்கார வேண்டிய வரிசையில் நீ தப்பான பக்கம் பார்த்து உட்கார்ந்தாய். பக்கத்துப் பெண் தோளைப் பிடித்து உன்னைத் திருப்பி வைத்தாள். அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கடைசி ஆளை நீ தொட்டாய், ஜெயித்தீர்கள், ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த டம்ளரை எடுத்துக் காட்டி, மயங்கி விழுந்தும் எழுந்து போய்க் கடைசி ஆளைத் தொட்டாள் என் மகள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தக் கடைசி ஆள் கால் தடுக்கி உன் முன்னாலேயே விழுந்தாள், நீ குனிந்து தொட்டாய், அவ்வளவுதான். இதுவும் உனக்குத் தெரியாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாக இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். வெயிலில் ஆடியது, மேலே கலர் சோடா வேறு குடித்தது என்று கண்டக்டரிடம் சமாதானம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா காதுக்கு மேலே புடைத்திருந்ததைப் பார்த்துப் பயந்து போனாள். மிளகாய், உப்பு சுற்றிப் போட்டாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாஷ்டா துன்னாம பூட்சி, அதான் மயக்கம்னு சொல்லிடுங்க. தலைல அடின்னா, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் வலிப்புன்னு பேசிக்கினு பூடுவான்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சாவியைக் கையில் வைத்ததை நாலு பேர் பார்த்திருந்தார்களே. எனக்கும் அது வசதியாக இருந்தது. அடிபட்ட பெண்ணை ஆட அனுப்பிய கம்பவுண்டர் என்பதைவிட, சாப்பிடாமல் போய் மயங்கி விழுந்த பெண்ணின் தகப்பன் என்பது கௌரவம்தானே. அன்று முதல் நீ உட்பட எல்லாருக்கும் அந்தக் கதைதான்.

மறுநாள் மதியம்தான் விழித்தாய். "மேட்ச்சு ஜெயிச்சமா நைனா?" என்றாய். சொன்னேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டாய். சாயங்காலம் மறுபடி. மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்து, "எத்தினி வாட்டி சொல்றது, ஜெயிச்சிட்டீங்க, போ" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நான் ஊராருக்குச் சொல்வதைக் காதில் வாங்கி வாங்கி, அதையே உன் ஞாபகம் என்று வைத்துக்கொண்டாய்.

அப்புறம் வந்ததெல்லாம் உனக்கே தெரியும், காரணம்தான் தெரியாது. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வாய். கோயிலில் மேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாய். புத்தகத்தை விரித்தால் எழுத்து நகருகிறது என்பாய். மேட்ச் ஜெயித்த திமிர், புத்தகத்தை எடுத்தால் மட்டும் தலைவலிக்கிறதா என்று நான் கத்தினேன். தலைவலி மாத்திரையும் டானிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். கணக்கில் எண்பதுக்குக் கீழே வாங்கியறியாதவள், ஒருநாள் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து ஒரே வரியை மூன்று முறை படித்தாய். நாலாவது முறை படிக்க ஆரம்பித்தபோது எட்டி உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். புத்தி வரட்டும் என்று வாத்தியார்கள் வைக்கிற குட்டு, நானும் வாங்கி வளர்ந்த குட்டு. நீ அழவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா?" என்று கேட்டாய். நீ எதிர்த்துப் பேசுகிறாய் என்று நினைத்து இன்னொன்று வைத்தேன்.

அடிபட்டு இரண்டு மாசம்கூட ஆகாத தலையில் வைத்தேன் வசந்தா. இதை எழுத எனக்கு நேற்று ராத்திரியும் இன்று காலையும் ஆயிற்று.

கணக்கில் தவறினாய். அக்டோபரில் எழுதிப் பாஸ் பண்ணினாய், ஆனால் அதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. 'நம்ம மண்டைல இன்னா ஏறும்' என்று நீயே கேலி பேச ஆரம்பித்தாய். இன்றைக்கும் உன் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கேலி ஒரு வரி இருக்கிறது. விளையாட்டு டீச்சர் வேலை தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. உனக்கு அது பிடித்திருக்கிறது, நன்றாகவும் செய்கிறாய். ஆனால் வேறு எதுவும் படிப்பு ஏறாது என்று நம்பிக்கொண்டுதான் அந்தப் படிப்புக்குப் போனாய். அந்த நம்பிக்கையை உன் தலையில் ஏற்றியவன் நான். உன் மண்டையில் ஒரு குறையும் இல்லை, அடிபட்டது ஆறுவதற்கு நாங்கள் நேரம் கொடுக்கவில்லை.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பாய். அந்த மேட்ச்சுக்கு இரண்டு வருஷம் கழித்து. நம் ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார் அல்லவா, அவர் இருந்த காலம். வைக்கோல் வண்டி மேலிருந்து விழுந்த ஒரு ஆளைக் கொண்டு வந்தார்கள். நான் வழக்கம்போலப் பேரையும் ஊரையும் கேட்டு, "தெளிவா கீறாரு சார்" என்றேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரை யாருங்க மறப்பாங்க? அது அடியில கிடக்கும். முதல்ல போறது கடைசியா நடந்ததுதான். எப்படி விழுந்தான், வண்டியில யார் கூட வந்தான், காலையில என்ன சாப்பிட்டான்னு கேளுங்க. கேட்டதையே திரும்பக் கேக்கறானான்னு பாருங்க" என்றார். கேட்டேன். அந்த ஆள், "வண்டியா, எந்த வண்டி?" என்றான். 'மேட்ச்சு எப்ப ஆரம்பிக்கும்?' என்று நீ கேட்டது எனக்கு அங்கேயே மறுபடி காதில் விழுந்தது.

அன்று கூட்டம் குறைந்ததும் மெதுவாகக் கேட்டேன். சார், ஒரு பொண்ணு, கம்பத்துல தல மோதி, எழுந்து ஆடனா, அப்புறம் மாசக்கணக்கில தலவலின்னா, என்று இழுத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆட விட்டது யாரு?" என்றார். "யாரோ, தெரியல சார்" என்றேன். "முதல் அடி ஆறதுக்குள்ள அதே தலையில இன்னொரு அடி பட்டா மூளை வீங்கிடும். உயிரே போயிருக்கும். அந்தப் பொண்ணு பொழைச்சதே அதிர்ஷ்டம்" என்றார். வீட்டுக்கு வந்தேன். நீ டிரெயினிங் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்துவிட்டு, பிழை இருக்கிறதா பாருங்கள் நைனா என்று நீட்டினாய். பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். சொல்லவில்லை. ஆறு வருஷம் போய்விட்டது.

உங்கள் டிரெயினிங்கில் கால் பிசகினால் என்ன கட்டு, கை உடைந்தால் என்ன கட்டு என்று நோட்டு நோட்டாக எழுதினாய். தலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கத் தோன்றவில்லையா அவர்களுக்கு? அந்த எரிச்சல் வேறு எனக்கு. போகட்டும், அந்த டாக்டரிடம் நான் கற்றதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. தனலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வை. கூட்டத்தில் கேட்காதே, கூட்டத்தில் எந்தப் பிள்ளையும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லும். அன்றைக்கு எப்படி விழுந்தாய், அதற்கு முன்னால் யாரைத் தொட்டாய், யாரோடு பேசிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாய் என்று கேள். மற்றப் பெண்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாளா, தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாளா என்று நிதானமாகப் பார். பங்குனியில் ஆரம்பித்து மாசங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவீர்களே, அதன் மேல் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நடக்கச் சொல். இதெல்லாம் சரியாகச் செய்தாலும், தலைவலி என்று சொல்கிற வரைக்கும் ஆட்டம் கிடையாது. தலைவலி போனாலும் உடனே கம்பத்துப் பக்கம் விடாதே. முதலில் நடை, இரண்டு நாள் கழித்து மெதுவாக ஓட்டம், அப்புறம் தனியாகப் பயிற்சி, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மேட்ச். நடுவில் எங்கே வலி திரும்பி வந்தாலும் அங்கேயே நிறுத்து. கணக்கு டீச்சரிடம் நீயே போய்ச் சொல், கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பாடம் குறைக்கட்டும், தலையில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

உங்கள் ஹெட்மாஸ்டரம்மா கோபித்துக்கொள்வார்கள், தெரியும். தனலட்சுமி வீட்டிலும், பொண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஏன் ஊரெல்லாம் சொல்கிறாய் என்று உன்னிடம் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பெண்ணே அழுவாள். நீ கேட்ட மாதிரியே அவளும், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்பாள். அப்போது கை தட்டுகிற கூட்டத்தைப் பார்க்காதே. என் எதிரில் மடியில் உன் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த டீச்சரை நினைத்துக்கொள். அவர் சொன்னதை அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. இன்று அந்த இடத்தில் நீ இருக்கிறாய், விசிலும் உன் கையில்தான் இருக்கிறது.

நான் சொல்வதை நம்ப முடியவில்லை என்றால் உன்னையே சோதித்துப் பார். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு யோசி. அந்த மேட்ச்சில் முதல் சுற்றில் நீ எத்தனை பேரைத் தொட்டாய்? நான் உனக்குச் சொன்ன அந்தக் கடைசி ஆளைத் தவிர வேறு யார் முகமாவது ஞாபகம் வருகிறதா?

வராது. நாலு பேரைத் தொட்டாய் வசந்தா. மூன்றாவது பெண் கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி உன்னை ஏமாற்றப் பார்த்தாள், நீ கம்பத்தை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகச் சாய்ந்து அவள் குதிகாலைத் தொட்டாய். எதிர்ப் பக்கத்து டீச்சரே எழுந்து நின்றுவிட்டார். நீ திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாய். உன் ஆட்டம் அதுதான். எட்டு வருஷமாக டம்ளரைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அது உனக்கு ஏன் ஞாபகம் இல்லை என்ற கேள்வி வரும் என்று பயந்தேன்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், நீ இழந்துவிட்டாய். சனிக்கிழமை தனலட்சுமியை உன் பக்கத்தில், நிழலாகப் பார்த்து உட்கார வை. தோற்றுவிட்டு வாருங்கள்.

உன்
நைனா